ஒரே பிரேமில் வரக்கூடாது

மணப்பெண்ணின் குறுஞ்செய்தி
புதன்கிழமை இரவு வந்தது:
"அண்ணை, அப்பாவும் அம்மாவும்
ஒரே பிரேமில வரக்கூடாது.
மற்றதெல்லாம் உங்கட விருப்பம்."

பதினெட்டு வருடமாகக் கலியாணம் எடுக்கிறேன்.
ஓமப்புகை வேண்டாம் என்றவர்கள் உண்டு.
மாமியின் இடக்கன்னம் வேண்டாம் என்றவர்கள் உண்டு.
முன்பல்லை மறைக்கச் சொன்ன மாப்பிள்ளையும் உண்டு.
இது புதிது.

மெல்பேணின் தென்கிழக்கில் டண்டினோங். ஜூலை மாதம்.
டயர்க் கடைக்குப் பின்னால் மண்டபம்.
வாசலில் ஓர் அகன்ற ஷொட் எடுத்துத்தான் எப்போதும் தொடங்குவேன்,
இன்ன ஊர், இன்ன வானம், இன்னார் வீட்டு விசேஷம் என்று
பார்க்கப்போகிறவர் காதில் போட்டுவைக்க.
அன்று அகலம் எனக்குப் பகை.
பெரிய லென்ஸைப் பையிலேயே விட்டுவிட்டு
வாழை கட்டிய கம்பத்தை மட்டும் எடுத்தேன்,
அதில் மழை ஒழுகுவதை.
குலை பிளாஸ்டிக். மழை உண்மை.

தகப்பன் தில்லைநாதன் பேர்த்திலிருந்து வந்திருந்தார்.
மூன்றாம் மேசை, தூணுக்குப் பக்கத்துக் கதிரை.
தாரைவார்க்கத் தாய்மாமனும் மனைவியும் நின்றார்கள்,
அவருக்கு அங்கே வேலை எதுவும் இல்லை.
டிலுக்ஷனிடம் இரண்டாவது கமராவைக் கொடுத்து
"அவரைக் கீழயிருந்து எடு" என்றேன்.
"ஏன் அண்ணை, ஆள் கட்டையெல்லோ?"
அதுக்குத்தான்டா.
முழங்கால் உயரத்திலிருந்து பார்த்தால்
எந்த மனிதனும் கொஞ்சம் தூண்தான்.

தாய் புவனலோஜினியை இடுப்புக்கு மேலே எடுத்தேன்.
தேங்காய், ஐயர், மகளின் தலைப்பு
எல்லாவற்றையும் ஒருசேரக் கவனிக்கிற பெண்ணுக்கு
அதுதான் அளவு.
நெருங்கினால் அவர் கைகள் போய்விடும்.
விலகினால் மூன்றாம் மேசை வந்துவிடும்.

தாலி ஏறும் நேரம் ஏணியில் ஏறினேன்.
உச்சியிலிருந்து சனம் எல்லாம்
வகிடு, வழுக்கை, பூ.
நாதஸ்வரம் உச்சத்துக்குப் போக
அறுகரிசி அந்தரத்தில் ஒரு கணம் நின்று விழுந்தது.
மூன்றாம் மேசையிலிருந்து எழும்பி எறிந்த அரிசி
மணவறைக்கு எட்டவில்லை,
முன்வரிசையில் யாரோ ஒருவரின் கோட்டில் தங்கிற்று.
அதை டிலுக்ஷன் எடுத்திருந்தான்.
நான் சொல்லவில்லை.

சாப்பாட்டு வேளை.
மிகக் கிட்டப் பார்க்கிற லென்ஸைப் பூட்டிக்கொண்டு
அப்பளம் நொறுங்குவதை எடுத்துக்கொண்டிருந்தேன்
(இப்போது எல்லோரும் அதைக் கேட்கிறார்கள்).
திரைக்குள் ஒரு கை வந்தது.
வீங்கிய விரல்கள், கறுத்த வார் மணிக்கூடு,
தண்ணீர்ப் போத்தல் மூடியோடு மல்லுக்கட்டல்.
இன்னொரு கை வந்தது. இரண்டு காப்பு.
வாங்கிற்று. திருகிற்று. வைத்தது. போயிற்று.
நாலு நொடி இருக்கும்.
முகம் இல்லை, குரல் இல்லை.
பின்னால் யாரோ தயிர் கேட்டார்கள்.

ஒரே பிரேம்தான்.
ஆனால் ஆட்கள் வந்தார்கள் என்று சொல்லலாமா?
எடிற்றிங் மேசையில் மூன்று இரவு
அந்த நாலு நொடியை வெட்டினேன், ஒட்டினேன்,
வெட்டினேன்.
கடைசியில் ஒட்டியபடியே அனுப்பினேன்.

ஓகஸ்ட் முடிவில் நிதர்சனா அழைத்தாள்.
"ஒரு மணித்தியாலம் நாப்பத்திரண்டில ஆற்றை கை, அண்ணை?"
"சாப்பாட்டுக்காரர்" என்றேன்.
"சாப்பாட்டுக்காரர் அப்பான்ர மணிக்கூடே கட்டுறவை?"

பிறகு பேச்சில்லை.
அந்தப் பக்கம் கேத்தில் கொதித்துத் தானே நின்றது கேட்டது.
வெட்டிவிடவா என்று கேட்க வாயெடுத்தேன்.
"இருக்கட்டும்" என்றாள்.
"பின்னுக்கு மட்டும் போயிடாதேங்கோ."

போகவில்லை.
போகவும் முடியாது,
அந்த லென்ஸில் ஸூம் கிடையாது.